பழைய வண்டியில் எரிபொருள் முள் தப்பாகக் காட்டுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கார், ஜீப், வேன் வைத்திருப்பவர்கள் பலர் பெட்ரோல் முள் ஓடாததைப் பெரிய குறையாகவே நினைப்பதில்லை. வண்டி ஓடுகிறது, போதும் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் எளிதாகக் கண்டுபிடிக்கக்கூடிய மின்கோளாறு இதுதான். ஒரு மல்டிமீட்டர், இரண்டு முழம் வயர், அரை நாள் பொறுமை இருந்தால் போதும். எதையும் காசு கொடுத்து வாங்கும் முன் சோதித்துப் பாருங்கள் என்பதை வற்புறுத்தவே இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

முள் அசையவே இல்லை. மீட்டரை மாற்றிவிடலாமா?

வேண்டாம். பெரும்பாலும் மீட்டர் மேல் தப்பு இருக்காது. அது கண்ணாடிக்குள், காய்ந்த இடத்தில், பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. டேங்க்குக்குள் இருக்கும் யூனிட்டோ வருடக்கணக்காக எரிபொருளில் ஊறிக்கொண்டு, வண்டி குலுங்கும்போதெல்லாம் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கிறது. அதன் எர்த், அதாவது கரண்ட் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு, வண்டிக்கு அடியில் சேறும் தண்ணீரும் படும் இடத்தில் இருக்கிறது. எது முதலில் கெடும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். டாஷ்போர்டைக் கழற்றுவதுதான் இதில் மிகவும் சிரமமான வேலை. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டேங்க்கில் இருக்கும் அளவு முள்ளுக்கு எப்படித் தெரிகிறது?

டேங்க் யூனிட்டில் ஒரு மிதவை, அதைத் தாங்கும் ஒரு கம்பி, கம்பியின் மறுமுனையில் மின்தடைச் சுருள் மேல் உரசிக்கொண்டு நகரும் சிறு தொடுமுனை இருக்கின்றன. அளவு இறங்கினால் மிதவை இறங்கும், தொடுமுனை நகரும், மின்தடை மாறும். சாவியைத் திருப்பியதும் மீட்டர் வழியாக வரும் கரண்ட் ஒற்றை வயரில் டேங்க் யூனிட்டுக்குப் போய், அந்தத் தடையைக் கடந்து, எர்த் வழியாக பேட்டரிக்குத் திரும்புகிறது. தடை எவ்வளவு என்பதைப் பொறுத்து முள் நிற்கும் இடம் அமைகிறது.

ஆக ஃபியூஸ், மீட்டர், வயர், டேங்க் யூனிட், எர்த் என்று ஐந்து கண்ணிகள் கொண்ட சங்கிலி இது. சில வண்டிகளில் மீட்டருக்கு முன் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் என்று ஆறாவது கண்ணியும் உண்டு. அறுந்த கண்ணி எது என்று பார்ப்பதுதான் வேலை, வேறொன்றும் இல்லை.

எங்கிருந்து தொடங்குவது?

முதலில் மற்ற மீட்டர்களைப் பாருங்கள். டெம்பரேச்சர் முள்ளும் எச்சரிக்கை விளக்குகளும் சேர்ந்தே செத்துக் கிடந்தால் ஃபியூஸைப் பாருங்கள். ஃபியூஸ் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் அதைப் பிடித்திருக்கும் கிளிப் பச்சை பூத்திருக்கலாம். கழற்றி, சுரண்டி, திரும்பப் போடுங்கள்.

எரிபொருள் முள் மட்டும் தகராறு செய்தால் நேராக டேங்க்குக்குப் போங்கள். யூனிட்டில் மாட்டியிருக்கும் வயரைக் கழற்றுங்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் பெட்ரோல் வாசனையோ கசிவோ இருந்தால் இந்தச் சோதனையை அங்கே செய்யாதீர்கள். வயர் டேங்க்கிலிருந்து தள்ளி வேறு எங்காவது கனெக்டரில் இணைகிறது என்றால் அங்கே பிரித்துச் செய்யுங்கள். பிறகு சாவியைத் திருப்பி, ஒருவரை உள்ளே உட்காரவைத்து முள்ளைக் கவனிக்கச் சொல்லுங்கள். வயர் தனியாகத் தொங்கும்போது முள் காலி, முழுது என்ற இரண்டில் ஒரு கோடிக்குப் போக வேண்டும். அந்த வயரை வண்டியின் பாடியில், பெயிண்ட் இல்லாத சுத்தமான இரும்பில் தொட்டால் மறு கோடிக்குப் போக வேண்டும்.

இரண்டு கோடிக்கும் போய்வந்தால் மீட்டர், வயர், ஃபியூஸ் எல்லாம் ஓட்டத்தில் இருக்கின்றன. கோளாறு டேங்க் யூனிட்டிலோ அதன் எர்த்திலோதான். முள் அசையவில்லை என்றால் கோளாறு வயரில், மீட்டரில், அல்லது அதற்கு வரும் கரண்டில். ஐந்து நிமிடத்தில் பாதி வண்டியை விசாரணையிலிருந்து விடுவித்துவிட்டீர்கள்.

வயரை எர்த்தில் தொட்டால் மீட்டர் எரிந்துபோகும் என்கிறார்களே?

அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. பழைய மீட்டர்கள் இரண்டு சாதி. ஒன்றில் ஈருலோகத் தகட்டைச் சுற்றி ஒரு சூடேற்றும் கம்பி இருக்கும். கரண்ட் போனால் தகடு சூடாகி வளைந்து முள்ளைத் தள்ளும். சாவியைத் திருப்பியதும் முள் சோம்பலாக, சில விநாடிகள் எடுத்துக்கொண்டு ஏறினால் அது இந்த வகை. இதில் வயரை நேராக எர்த்தில் வைத்து மறந்துவிட்டால், சூடேற்றும் கம்பி அதிகமாகக் காய்ந்து கெட்டுவிடும். முள் நிறைவுக் கோட்டை எட்டியதும் உடனே எடுத்துவிட வேண்டும்.

இன்னொரு வகையில் காந்தச் சுருள்கள் இரண்டு எதிரெதிராக இழுத்து முள்ளை நிறுத்தும். இதில் முள் சட்டென்று நகரும். இது அவ்வளவு எளிதில் கெடாது.

எது என்று தெரியாவிட்டால் வயருக்கும் பாடிக்கும் நடுவே 10 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை வைத்துச் சோதியுங்கள். முள் ஏறக்குறைய கோடிக்குப் போய்விடும், மீட்டருக்கும் ஆபத்தில்லை. என் கருவிப் பெட்டியில் இந்த ரெசிஸ்டர் எப்போதும் இரண்டு கிடக்கும்.

டேங்க் காலியானாலும் முள் எப்போதும் முழுதாகவே காட்டுகிறது. ஏன்?

எல்லோருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாத கேள்வி இது. ஏனென்றால் வண்டிக்கு வண்டி கணக்கு தலைகீழ்.

சில தயாரிப்பாளர்கள் டேங்க் நிறையும்போது தடை குறையும்படி வைத்தார்கள். பழைய ஃபோர்டு, கிரைஸ்லர் கார்கள் பலவற்றில் காலிக்கு சுமார் 73 ஓம், நிறைவுக்கு சுமார் 10 ஓம். டொயோட்டா கார்கள் பலவற்றில் காலிக்கு சுமார் 110, நிறைவுக்கு சுமார் 3. வேறு சிலர் நேர்மாறாக வைத்தார்கள். 1960களின் நடுவிலிருந்து பல காலம் வந்த ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் காலிக்கு 0, நிறைவுக்கு 90 ஓம். விடிஓ என்ற நிறுவனத்தின் யூனிட்கள் பலவற்றில் காலிக்கு 10, நிறைவுக்கு 180.

முதல் வகையில் முள் முழுதிலேயே நின்றால் வயர் எங்கோ தோலுரிந்து பாடியில் தட்டுகிறது, அல்லது யூனிட்டுக்குள் ஷார்ட் என்று பொருள். இரண்டாம் வகையில் அதே முள் அதே இடத்தில் நின்றால் வயர் அறுந்திருக்கிறது, அல்லது எர்த் போய்விட்டது என்று பொருள். அறிகுறி ஒன்று, காரணம் நேர் எதிர். நண்பர் ஒருவர் தன் வண்டியில் எதைச் சரிசெய்தாரோ அதையே உங்கள் வண்டியிலும் செய்யப் போய்க் குழம்புவது இதனால்தான். முதலில் உங்கள் வண்டி எந்த வகை என்று வயரைக் கழற்றிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். கழற்றினால் முள் காலிக்கு விழுந்தால் முதல் வகை. முழுதையும் தாண்டிப் போனால் இரண்டாம் வகை.

எரிபொருள் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்தே கூடுதலாகக் காட்டுகின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் கெடுமா?

கெடாது. இரண்டுக்கும் பொதுவான ஒன்றுதான் கெட்டிருக்கிறது, அது வோல்டேஜ் ஸ்டெபிலைசர். ஈருலோகத் தகடு மீட்டர் சூட்டை வைத்துக் கணக்கிடுகிறது. பேட்டரி 12 வோல்ட்டில் இருந்து, என்ஜின் ஓடும்போது 14-ஐத் தாண்டினால், டேங்க்கில் மாற்றமே இல்லாமல் முள் ஏறிவிடும். அதைத் தடுக்கத்தான் நடுவில் ஒரு ஸ்டெபிலைசர் வைத்தார்கள். பல பழைய பிரிட்டிஷ் கார்களில் அது சராசரி 10 வோல்ட் கொடுக்கும். ஃபோர்டு போன்ற அமெரிக்கக் கார்கள் பலவற்றில் சராசரி 5 வோல்ட்.

அதன் உள்ளேயும் ஓர் ஈருலோகத் தகடுதான். சூடானால் தொடர்பைத் துண்டிக்கும், ஆறினால் சேர்க்கும். அதனால் டிஜிட்டல் மல்டிமீட்டரை வைத்தால் எண்கள் தாவிக்கொண்டே இருக்கும். அது கோளாறு இல்லை. ஒரு சிறிய சோதனை விளக்கை மாட்டிப் பார்ப்பது மேல். விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் ஸ்டெபிலைசர் உயிரோடு இருக்கிறது. விடாமல் பிரகாசமாக எரிந்தால் முழு பேட்டரி வோல்டேஜும் மீட்டர்களுக்குப் போகிறது. எரியவே இல்லை என்றால் உள்ளே தொடர்பு போய்விட்டது, இரண்டு முள்ளும் கீழேயே கிடக்கும்.

மாற்றும் முன் ஒன்றைப் பாருங்கள். அந்தச் சிறு டப்பாவுக்கும் எர்த் வேண்டும். பல வண்டிகளில் அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவே எர்த். அந்த ஸ்க்ரூ தளர்ந்தால் உள்ளே சூடாக வழியில்லாமல் தொடர்பு மூடியே இருந்துவிடும், இரண்டு முள்ளும் எகிறும். ஸ்க்ரூவைச் சுத்தம் செய்து இறுக்குவதோடு முடிகிற வேலை அது. உண்மையிலேயே கெட்டிருந்தால், அசையும் பாகம் இல்லாத எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசர்கள் கிடைக்கின்றன. பழையது எத்தனை வோல்ட்டோ அதையே வாங்குங்கள்.

எர்த் சரியில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நான் அதிகம் அக்கறைப்படுகிற கேள்வி இது. ஏனென்றால் தேவையில்லாமல் வாங்கப்படும் டேங்க் யூனிட்களில் பல இந்த ஒரு காரணத்தால்தான் வாங்கப்படுகின்றன.

யூனிட் தன் கரண்டை டேங்க் வழியாகவும், டேங்க்கைப் பிடித்திருக்கும் பட்டைகள் வழியாகவும் பாடிக்கு அனுப்புகிறது. பட்டைக்கும் டேங்க்குக்கும் நடுவே ரப்பர் இருக்கும், போல்ட்டில் துரு இருக்கும். கரண்ட் எப்படியோ வழி கண்டுபிடித்துப் போய்க்கொண்டிருக்கும். நான் ஒருமுறை ஒரு டேங்க்கை இறக்கி, துருவெல்லாம் சுரண்டி, அழகாகப் பெயிண்ட் அடித்துத் திரும்ப ஏற்றினேன். அதுவரை ஓடிய முள் அன்றிலிருந்து ஓடவில்லை. இரண்டு நாள் தேடிய பிறகுதான் புரிந்தது, என் புதுப் பெயிண்ட்டே எர்த்தை அடைத்துவிட்டது. போல்ட் உட்காரும் இடத்தில் ஒரு காசளவு பெயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்து எடுத்ததும் முள் எழுந்தது.

சோதிக்க எளிய வழி: யூனிட்டின் மேல்தகட்டிலிருந்து பாடியின் சுத்தமான இரும்புக்கு ஒரு தனி வயரைப் பிடியுங்கள். முள் சரியான இடத்துக்கு வந்தால் எர்த்தான் குற்றவாளி. அந்த வயரையே நிரந்தரமாக முறுக்கி வைத்துவிடலாம், தப்பில்லை. அளந்து பார்க்க விரும்பினால், சாவியை அணைத்து, யூனிட்டின் வயரைக் கழற்றிவிட்டு, மேல்தகட்டுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே ஓம் பாருங்கள். மல்டிமீட்டர் முனைகளை ஒன்றோடொன்று தொட்டு வரும் அளவைக் கழித்த பிறகு 1 ஓமுக்குள் இருக்க வேண்டும்.

அரைகுறை எர்த் இன்னும் மோசம். அது 20 ஓம் கூட்டினால், நிறைய நிறைய தடை குறையும் வண்டியில் முள் குறைவாகக் காட்டும், மற்ற வகையில் அதிகமாகக் காட்டும். பின்னது ஆபத்து, நம்பிப் போய் வழியில் நிற்பீர்கள்.

இண்டிகேட்டர் போட்டால் முள்ளும் கூடவே துடிக்கிறது.

பின் விளக்குகளும் டேங்க் யூனிட்டும் ஒரே எர்த்தைப் பகிர்ந்துகொள்கின்றன, அந்த எர்த் பலவீனமாக இருக்கிறது. பிரேக் அழுத்தினால் முள் அசைவதும் இதே கதைதான். பின்பக்க எர்த் முனையைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

யூனிட்டை வெளியே எடுக்க வேண்டும். என்ன கவனம் வேண்டும்?

அவசரப்படாமல் படியுங்கள். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் அருகிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். எந்தக் குளிரும் உங்களைக் காப்பாற்றாது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து, தூரத்தில் இருக்கும் நெருப்பைக்கூடத் தேடிப் போகும். நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க் ஆபத்தானது, ஏனென்றால் அதற்குள் இருப்பது ஆவியும் காற்றும்.

வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிய பிறகே டேங்க்கைத் தொடுங்கள். சூடான பல்பு விளக்கு, சிகரெட், பக்கத்தில் எரியும் அடுப்பு எதுவும் கூடாது. யூனிட்டைப் பூட்டும் வளையத்தைத் திருப்ப இரும்பு உளியால் தட்டாதீர்கள், பித்தளைத் துண்டு அல்லது கட்டையால் தட்டுங்கள். அளவு யூனிட்டுக்குக் கீழே இருக்கும்படி எரிபொருளை முன்பே இறக்கிவிடுங்கள். மிதவைக் கம்பி வளையாமல், யூனிட்டைச் சாய்த்துச் சாய்த்து வெளியே எடுங்கள். எந்தத் திசையில் இருந்தது என்று குறி போட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பப் போடும்போது ரப்பர் வளையம் புதிதாக இருக்கட்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் போடுகிறவர்கள் அதைத் தாங்கும் வளையமாகக் கேட்டு வாங்குங்கள்.

வெளியே எடுத்த யூனிட் நல்லதா கெட்டதா என்று எப்படிப் பார்ப்பது?

பெட்ரோல் ஈரம் முழுதாகக் காய்ந்த பிறகு, டேங்க்கிலிருந்து தள்ளி வந்து, மல்டிமீட்டரின் ஒரு முனையை வயர் டெர்மினலிலும் மற்றதை மேல்தகட்டிலும் வைத்து, கம்பியை மிக மெதுவாக மேலிருந்து கீழே நகர்த்துங்கள். எண்கள் ஒழுங்காக ஏறியோ இறங்கியோ வர வேண்டும். நடுவில் தாவினாலோ, தொடர்பே அறுந்தாலோ அந்த இடத்தில் சுருள் தேய்ந்திருக்கிறது. ‘கால் டேங்க் வரை சரியாக வந்து, அப்புறம் சட்டென்று விழுகிறது’ என்கிறவர்களின் யூனிட்டில் பெரும்பாலும் அந்த இடம் ஒன்றுதான் போயிருக்கும்.

வருடக்கணக்கில் நின்ற வண்டி என்றால் தொடுமுனையில் பழைய பெட்ரோல் பிசின் போலப் படிந்திருக்கலாம். கார்புரேட்டர் கிளீனரும் மென்மையான பிரஷும் போதும். உப்புத்தாள் இங்கே வேண்டாம், மெல்லிய கம்பி அறுந்துவிடும். தொடுமுனையின் அழுத்தம் தளர்ந்திருந்தால் மயிரிழை அளவு வளைத்துவிடலாம். சுருளே அறுந்திருந்தால் மாற்றுவதுதான் வழி.

மிதவையில் என்ன கெடும்?

பழைய மிதவைகள் உள்ளே கூடான பித்தளை. பற்றவைத்த இடத்தில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் பெட்ரோல் உள்ளே புகுந்து மிதவை மூழ்கிவிடும். முள் காலியிலேயே கிடக்கும், மின்சோதனைகள் எல்லாம் சரியாக வரும். காதருகே ஆட்டிப் பாருங்கள், சளசளவென்று சத்தம் வந்தால் தீர்ந்தது. சத்தம் வராவிட்டால், அடுப்பிலிருந்து தொலைவாகக் கொண்டுவந்த வெந்நீரில் முக்குங்கள். உள்ளிருக்கும் காற்று விரிந்து ஓட்டையிலிருந்து குமிழி விடும்.

அந்த ஓட்டையை நெருப்பு காட்டிப் பற்றவைக்க நினைக்காதீர்கள். உள்ளே ஒரு துளி பெட்ரோல் இருந்தாலும் கையிலேயே வெடிக்கும். புது மிதவை போடுங்கள்.

இன்னும் பழைய வண்டிகளில் மிதவை தக்கையாக இருக்கும். அதன் மேல் அரக்குப் பூச்சு இருந்தால், எத்தனால் அதைக் கரைத்துவிடும், தக்கை பெட்ரோலைக் குடித்துக் கனத்துவிடும்.

புது யூனிட் போட்டேன். இப்போது முள் ஓடுகிறது, ஆனால் தப்பாகக் காட்டுகிறது.

யூனிட்டின் ஓம் அளவு உங்கள் மீட்டரோடு பொருந்தவில்லை. கடையில் பொதுவாகக் கிடைக்கும் யூனிட்கள் பல காலிக்கு 240, நிறைவுக்கு 33 ஓம் உள்ளவை. அதை 110 முதல் 3 வரை எதிர்பார்க்கும் மீட்டரோடு சேர்த்தால் டேங்க் வழிய வழிய நிரப்பினாலும் முள் முழுதுக்கு ஏறாது. முள் தலைகீழாக ஓடினால் வகையே மாறிவிட்டது. வாங்கும் முன் பழைய யூனிட்டின் இரண்டு கோடி அளவுகளையும் எழுதி எடுத்துப் போங்கள். பழையது அறுந்திருந்தாலும் ஏதாவது ஒரு கோடியாவது அளக்கக் கிடைக்கும்.

ஓம் பொருந்தியும் சற்றே விலகினால் கம்பியின் வளைவில் வித்தியாசம். யூனிட்டை டேங்க்கில் பூட்டும் முன் வயரையும் தற்காலிக எர்த்தையும் மாட்டி, டேங்க்கிலிருந்து தள்ளிவைத்து, கம்பியைக் கையால் நகர்த்தி முள்ளைப் பாருங்கள். காலிப் பக்கத்தைத்தான் துல்லியமாக வைக்க வேண்டும். முழு டேங்க் சற்றுக் குறைவாகக் காட்டினால் யாருக்கும் நஷ்டமில்லை.

எல்லாம் சரி. ஆனால் முதல் பாதி மெதுவாகவும் இரண்டாம் பாதி வேகமாகவும் தீர்கிறது.

அது கோளாறு இல்லை. டேங்க் நேர்ப்பெட்டியாக இருப்பது அபூர்வம், மேலே அகன்று கீழே குறுகியிருக்கலாம். முழுதாக நிரப்பும்போது மிதவை மேல் தடையில் முட்டி நின்றுவிடும், அளவு அதற்குக் கீழே இறங்கும் வரை முள் நகராது. மேட்டில் ஏறும்போதும் வளைவில் திரும்பும்போதும் ஏறி இறங்குவதும் இயல்புதான்.

குலுங்கும்போது மட்டும் முள் விழுந்து எழுகிறது.

லூஸ் கனெக்‌ஷன். டேங்க் டெர்மினல், பின்பக்க கனெக்டர், கடைசியாக மீட்டரின் பின்னால் இருக்கும் நட்டுகள். வயரிங் பலகையில் ஒட்டிய செம்புப் பட்டையாக இருந்தால் மீட்டர் நட்டுக்கு அடியில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்.

சரிசெய்யும் வரை எப்படி ஓட்டுவது?

டேங்க்கை நிரப்பி ஓடோமீட்டரை எழுதிவையுங்கள். அடுத்த நிரப்பலில் போன கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் மைலேஜ் தெரியும். டேங்க் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்குக்கு எவ்வளவு தூரம் வருமோ அந்தத் தூரத்தில் நிரப்பிவிடுங்கள். டேங்க்குக்குள் மின்சார பம்ப் உள்ள வண்டியில் இதில் கண்டிப்பாக இருங்கள். அந்த பம்ப்பைக் குளிர்விப்பது எரிபொருள்தான், அடிக்கடி வறள விட்டால் முள்ளோடு பம்ப்பும் போய்விடும்.